பத்துமலைப் படிகளும் தொலைநோக்கு வில்லையும்

பத்துமலையில் தைப்பூசம் 1892-இல் தொடங்கியது. 1985-இல் சோனி ‘ஹேண்டிகேம்’ வந்த பிறகு, காவடியை வீடியோ எடுப்பது சாதாரணக் குடும்பங்களுக்கும் மெல்ல எட்டியது. ஆனால் கீழே நின்று எடுத்தால், 272 படிகளின் உச்சியில் இருப்பவர் புள்ளியாகத்தான் தெரிவார். அதற்குக் கைகொடுத்ததுதான் கேமராவின் முன்னால் திருகி மாட்டும் தொலைநோக்கு வில்லை.

இதன் வேர் பழையது. 1608-இல் நெதர்லாந்தில் தோன்றிய தொலைநோக்கியை 1609-இல் கலிலியோ மேம்படுத்தினார். முன்னால் குவிவில்லை, பின்னால் குழிவில்லை. இதிலும் அடிப்படை அதேதான்.

இரண்டு மடங்கு வில்லை என்றால் உருவமும் இருமடங்கு, கை நடுக்கமும் இருமடங்கு. அதனால முக்காலி வேண்டும். வாங்கறதுக்கு முன்னாடி கேமராவின் திருகு விட்டத்தைப் பாருங்க, 37 மி.மீ. கேமராவுக்கு வேறு அளவு நேராகப் பொருந்தாது. ஸூமைக் குறைத்தால் படத்தின் மூலைகள் இருட்டும். மலிவான கண்ணாடியில் விளிம்புகளில் நிறம் பிரியும். டிஜிட்டல் ஸூம் இதற்கு ஈடாகாது. அது பதிவான புள்ளிகளைத்தான் பெரிதாக்கும்.

மாணவர்களே, முதல்நிலைச் சான்று என்று வரலாற்றில் படிக்கிறோமே, அலமாரியில் கிடக்கும் அந்த வீடியோ நாடாக்களும் அதுதான். அவை கெட்டுப்போகும் முன் கணினிக்கு மாற்றி, நாளும் இடமும் எழுதி வையுங்க. முகம் தெளிவாக இருந்தால்தான், “இது யாரு?” என்று பாட்டியிடம் கேட்க முடியும்.