கைகழுவக் கற்பித்தவர்

மாணவராகிய நாம் மறக்கலாகாத சரித்திரம் ஒன்றுண்டு. 1846ஆம் ஆண்டில் வியன்னா நகரப் பொது வைத்தியசாலையிலே, வைத்திய மாணவர் பயின்ற பிரசவப் பகுதியில் தாய்மாருள் 100க்கு 11 பேரளவில் மாண்டனர். மருத்துவிச்சிகள் பயின்ற பகுதியிலோ 3 பேரளவிலேயே மாண்டனர். காரணம் யாது? பிணங்களை அறுத்துச் சோதித்த கைகளோடு மாணவரும் ஆசிரியரும் தாய்மாரைத் தொட்டமையே என, 1847இல் இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் வைத்தியர் கண்டார். குளோரீன் சேர்ந்த சுண்ணாம்பு கரைத்த நீரிற் கைகழுவிய பின்னரே உட்செல்லுமாறு பணித்தார். 1848இல் அப்பகுதியில் 100க்கு 2 பேர்கூட மாளவில்லை. எனினும், தம் கைகளே மரணத்தைக் கொணர்ந்தன என்பதை ஒப்புக்கொள்ளக் கற்றோர் பலர் மறுத்தனர். செம்மல்வைஸ் 1865இல் மனநோய் விடுதியொன்றிற் காலமானார்.

படித்தோம் என்னும் செருக்கு நம்மையும் அவ்வாறு மறைத்தல் கூடாது. ஆலயத்திலும் பாடசாலையிலும் அன்னதான மடத்திலும் பிறருக்கு உணவு பரிமாறுமுன் நம் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுவோமாக.