சூதாட்டமும் சுயவிலக்கு முறையும்: ஒரு வரலாற்று நோக்கு

சூதாட்டத்தைக் கட்டுப்படுத்த அரசுகள் கையாண்ட வழிகள் நெடுங்காலமாக இரண்டே: முற்றாகத் தடைசெய்தல், அல்லது வரிவிதித்து அனுமதித்தல். ஆடுபவனே தன்னை உள்ளே விடவேண்டாமென எழுதிக் கொடுக்க, அவ்வெழுத்தை அவனுக்கெதிராகவே நிறைவேற்றும் மூன்றாவது வழி இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே உருப்பெற்றது. சுயவிலக்கு எனப்படும் இம்முறை எச்சூழலிற் பயனளித்தது, கசினோ எதுவுமில்லாத துணுக்காய் போன்ற வன்னிப் பிரதேசங்களுக்கு அது பொருந்துமா என்பன ஆராயத்தக்கன.

சிக்கல் பழமையானது. பாரதத்தில் தருமன், சூதுக்கு அழைத்தால் மறுப்பதில்லை என்ற விரதம் பூண்டவன். அவனது சொல்லுறுதியே அவனைச் சபைக்கு இழுத்துச் சென்றது. நளன் கதை இன்னும் நுட்பமானது. புட்கரனோடு ஆடிய நளனைத் தடுக்க அமைச்சரும் நகரமாந்தரும் அரண்மனை வாயிலில் வந்து நின்றனர். தமயந்தி பலமுறை மன்றாடியும் அவன் செவிசாய்க்கவில்லை. இறுதியில் அவளால் இயன்றது, தேரோட்டியை அழைத்துப் பிள்ளைகள் இருவரையும் தன் தந்தையின் நாட்டுக்கு அனுப்புவதொன்றே. ஆட்டம் சூடேறியபின் கூறும் அறிவுரை எடுபடாது என்பதை நளவெண்பா பயின்ற எவரும் அறிவர்.

ஆங்கிலேயர் ஆட்சியிற் பிறந்த சட்டம் இம்மனநிலையைப் பொருட்படுத்தவில்லை. இலங்கையின் 1889ஆம் ஆண்டுச் சூதாட்டக் கட்டளைச் சட்டம் பொதுவிடங்களிற் பந்தயம் வைத்து ஆடுதலைக் குற்றமாக்கிற்று. பந்தயமின்றி நடக்கும் கோழிச்சண்டையும் அதனுள் அடங்கிற்று. பின்னர் 1963இல் தேசிய லொத்தர் சபை நிறுவப்பட்டது. தெருவோரத்தில் ஆடினாற் குற்றவாளியாகும் அதே மனிதன், அதிர்ஷ்டலாபச் சீட்டு வாங்குகையில் அரசின் வாடிக்கையாளனானான். இம்முரண்பாடு அன்று எவரையும் உறுத்தியதாகத் தெரியவில்லை.

சுயவிலக்கு முறை கனடாவின் மனிற்றோபா மாகாணத்தில் 1989இல் தொடங்கியது. அமெரிக்காவின் மிசூரி மாநிலம் 1996இல் இதனைக் கடுமையாக்கியது. அங்கு பட்டியலிற் பெயரைச் சேர்த்தவர் வாழ்நாள் முழுவதும் விலக்கப்பட்டார். மீறி நுழைந்தால் அத்துமீறிய குற்றம் சாரும். ஐந்தாண்டுகளின் பின் பெயரை நீக்கக் கோரும் உரிமை 2012இலேயே வழங்கப்பட்டது. கையொப்பமிட்ட பின்னரும் திரும்பச் சென்றோர் பலர் என்பதைக் கியூபெக் ஆய்வுகள் காட்டின. வாயிற் காவலன் புகைப்படங்களைப் பார்த்து முகங்களை நினைவில் வைத்திருக்க வேண்டுமென எதிர்பார்த்தால் வேறென்ன நிகழும்?

தமிழும் ஆட்சிமொழியாயுள்ள சிங்கப்பூர் இக்குறையை ஓரளவு தீர்த்தது. கசினோக்களை அனுமதிக்கத் தீர்மானித்த 2005ஆம் ஆண்டிலேயே சூதாட்டச் சிக்கலுக்கான தேசிய மன்றம் அங்கு அமைக்கப்பட்டது. கசினோக்கள் திறக்கப்பட்டதோ 2010இல். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஒருநாள் நுழைவுக்கு 100 வெள்ளி செலுத்தவேண்டியிருந்தது. 2019இல் அது 150 ஆயிற்று. இக்கட்டணத்தை அறவிடுவதற்கு அடையாள ஆவணத்தைச் சோதித்தே தீரவேண்டும். ஆகவே, விலக்கப்பட்டவரின் பெயரும் வாயிலிலேயே அகப்பட்டுவிடுகின்றது. சுயவிலக்குடன் குடும்ப விலக்கும் அங்குண்டு. ஆடுபவன் இணங்காவிடினும் மனைவியோ பெற்றோரோ மகனோ விண்ணப்பிக்கலாம். தமயந்திக்குக் கிடைக்காத உரிமை இது. எனினும், வீட்டுச் சண்டையின் கருவியாக அது மாறாதிருக்க, சம்பந்தப்பட்டவரையும் விசாரித்தே ஆணை வழங்கப்படுகின்றது.

இம்முறையின் வலிமை முழுவதும் வாயிலிலே தங்கியுள்ளது. முல்லைத்தீவு மாவட்டத்தின் மேற்கே, வவுனிக்குளத்து நீரை நம்பி நெல் விளைவிக்கும் துணுக்காய் மக்கள் போரினால் இடம்பெயர்ந்து, 2009இன் பிற்பகுதி தொடக்கம் மீண்டும் வந்து குடியேறியவர்கள். இத்தகைய வேளாண்மைக் குடும்பத்துக்கு அறுவடைக் காசு ஒரேயடியாகக் கைக்கு வருவது. அடுத்த போகத்தின் விதைநெல்லும் பசளையும் பழைய கடனும் அதனுள்ளேயே அடங்கும். அதிர்ஷ்டலாபச் சீட்டோ பெயர் கேளாமல் விற்கப்படுவது. கைத்தொலைபேசிச் சூதுக்கு வாயிற் காவலனே இல்லை. எனவே, கையொப்பமிட விரும்புபவன் இருந்தாலும் அதனைப் பெற்றுக்கொள்ள ஓரிடமில்லை.

இணையச் சூதுக்கு மாற்றுவழி இல்லாமலில்லை. பிரித்தானியாவில் 2018இல் தொடங்கிய பொதுப் பட்டியலில் ஒருவர் பெயரைப் பதிந்தால், அங்கு உரிமம் பெற்ற இணையச் சூதாட்ட நிறுவனங்கள் அவரை ஏற்கலாகாது. 2020இல் இது நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. சில வங்கிகள் சூதாட்டத்துக்கான கொடுப்பனவுகளை வாடிக்கையாளரின் வேண்டுகோளின்படி மறுக்கின்றன. இவ்வேற்பாட்டில் வங்கிக் கணக்கே வாயிலாகின்றது. நெல் விற்ற பணம் வங்கியினூடாக வருமிடத்து இது வன்னியிலும் செய்யக்கூடியதே. ஆனால், உரிமம் பெறாத வெளிநாட்டு நிறுவனங்களை அப்பட்டியல் கட்டுப்படுத்தாது. காசு கொடுத்து வாங்கும் சீட்டுக்கு வங்கித்தடையும் பயன்படாது.