இ.எல்.பி.எஸ். புத்தகங்கள்: ஒரு பழைய கணக்கு

பேத்தி இந்த ஆண்டு பி.எஸ்சி. வேதியியல் சேர்ந்திருக்கிறாள். போன வாரம் புத்தகப் பட்டியலைக் காட்டி, "தாத்தா, இதுல பாதிதான் வாங்க முடியும். மீதிக்கு ஜெராக்ஸ்தான்" என்றாள். அலமாரியைத் திறந்து, ஃபைனார் எழுதிய கரிம வேதியியல் முதல் தொகுதியை எடுத்துக் கொடுத்தேன். அட்டையில் இ.எல்.பி.எஸ். என்ற எழுத்துகள். "இது எந்தக் கம்பெனி?" என்று கேட்டாள். கம்பெனி இல்லை, அது ஒரு காலம் என்று சொல்ல வாய் வந்தது. விவரமாகவே சொல்கிறேன்.

நான் பி.யு.சி. முடித்து பி.எஸ்சி. சேர்ந்தது 1966-இல். அந்த ஜூன் 6-ஆம் தேதி ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். அதுவரை 4.76 ரூபாயாக இருந்த டாலர் 7.50 ஆனது. 13.33 ரூபாயாக இருந்த பவுண்டு 21 ரூபாய் ஆனது. லண்டனில் 3 பவுண்டு விலையுள்ள புத்தகம் இங்கே 40 ரூபாய் என்றிருந்தது, ஒரே நாளில் 63 ரூபாய். அப்பா தொடக்கப்பள்ளி ஆசிரியர். அவருடைய மாதச் சம்பளம் 150-ஐத் தொடவில்லை. அப்படிப்பட்ட வீட்டுப் பையன் கையில் ஃபைனார் எப்படி வந்தார்?

இ.எல்.பி.எஸ். என்பது 'இங்கிலீஷ் லாங்குவேஜ் புக் சொசைட்டி'. 1960 வாக்கில் பிரிட்டிஷ் அரசு தொடங்கிய ஏற்பாடு. அங்குள்ள பதிப்பகங்கள் அதே புத்தகத்தை, ஒரு வரிகூடக் குறைக்காமல், மலிவுப் பதிப்பாக அச்சிடும். விலை அந்த நாட்டு விலையில் பாதியோ மூன்றில் ஒரு பங்கோதான். மிச்சத்தை அரசு ஈடுகட்டும். பிரிட்டனில் அவற்றை விற்கக் கூடாது. எங்கள் தெருவில் ஒரு அண்ணன் மருத்துவம் படித்தார். அவர் மேசையில் இருந்த டேவிட்சன், பெய்லி அண்ட் லவ் எல்லாமே இந்த முத்திரை போட்டவைதான். அந்தத் தலைமுறை டாக்டர்களைக் கேட்டுப் பாருங்கள், கண் மலரும்.

இது தர்மம் ஒன்றும் இல்லை. அந்தப் பக்கம் மாஸ்கோவிலிருந்து 'மீர்' பதிப்பகத்தின் புத்தகங்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. கெட்டி அட்டை, நல்ல தையல், சில ரூபாய்தான் விலை. நம் ஊரில் நியூ செஞ்சுரி புக் ஹவுஸில் கிடைக்கும். பிஸ்குனோவின் நுண்கணிதத்தை அங்கேதான் வாங்கினேன். கம்யூனிசத்துக்கும் நுண்கணிதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அப்பா கேட்டார். எனக்கும் தெரியவில்லை. புத்தகம் நன்றாக இருந்தது.

அமெரிக்கா வந்த வழி இன்னும் வேடிக்கை. பி.எல். 480 கோதுமை நினைவிருக்கும். 1954-இல் போட்ட அந்தச் சட்டத்தின்படி நாம் கோதுமைக்கு டாலராகத் தர வேண்டியதில்லை, ரூபாயாகக் கொடுத்தால் போதும். அந்த ரூபாய் இங்கேயே மலைபோல் குவிந்தது. அதில் ஒரு பகுதியை எடுத்து அமெரிக்கப் பாடப்புத்தகங்களை இங்கே மலிவு விலையில் அச்சிட வைத்தார்கள். வீட்டில் முகம் சுளித்துக்கொண்டு தின்ற கோதுமை உப்புமாவின் காசில் ஒரு துளி, கல்லூரிக்குப் புத்தகமாகத் திரும்பி வந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதற்கெல்லாம் மேலே மூர் மார்க்கெட். சீனியர் விற்ற புத்தகத்தை ஜூனியர் வாங்குவான், தேர்வு முடிந்ததும் அவனும் அங்கேயே விற்பான். நான் வாங்கிய ஒரு பௌதிகப் புத்தகத்தில் எனக்கு முன் மூன்று பேர் பெயர் எழுதியிருந்தது. 1985 மே 30 அன்று அந்தக் கட்டடம் எரிந்தபோது நான் வேலையில் வெளியூரில் இருந்தேன். பேப்பரில் படித்து அன்று முழுதும் மனசு சரியில்லை.

குறையும் சொல்ல வேண்டும். எந்தப் புத்தகம் மலிவாக வரும் என்பது பெரும்பாலும் காசு கொடுத்தவன் முடிவு. அவ்வளவு மலிவாக வந்த வெளிநாட்டுப் புத்தகத்தோடு நம் பேராசிரியர் எழுதிய புத்தகம் போட்டி போடுவதும் கஷ்டம். பிரிஜ்லால், சுப்பிரமணியம் எழுதிய பௌதிகம் போல நிலைத்து நின்றவை உண்டு என்பது வேறு விஷயம். 1970-க்குப் பிறகு தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் கல்லூரிப் பாடங்களுக்குத் தமிழில் புத்தகம் கொண்டுவந்தது. எங்கள் செட்டுக்கு அது தாமதம்.

இந்த மலிவெல்லாம் வல்லரசுகளின் போட்டியில் சிந்திய பால். 1974-இல் பி.எல். 480 ரூபாய்க் கடனில் பெரும்பகுதியை அமெரிக்கா தள்ளுபடி செய்தது. 1991 டிசம்பரில் சோவியத் யூனியனே இல்லாமல் போனது. போட்டிக்கு ஆள் இல்லாத பிறகு பிரிட்டனுக்கு மட்டும் என்ன அக்கறை? 1997-இல் இ.எல்.பி.எஸ்.ஸும் நின்றது. 1991 ஜூலையில் ரூபாய் மறுபடி விழுந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாணவர்கள் ஜெராக்ஸ் கடைக்குப் போனார்கள். டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ஒரு சின்ன ஜெராக்ஸ் கடைமீதும் பல்கலைக்கழகத்தின்மீதும் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் ஆகிய மூன்று பதிப்பகங்களும் 2012-இல் வழக்குப் போட்டன. கேட்ட நஷ்டஈடு 60 லட்ச ரூபாய். 2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், பாடம் நடத்தும் தேவைக்காகப் பகுதிகளை நகலெடுத்துத் தொகுத்துக் கொடுப்பது பதிப்புரிமைச் சட்டத்தை மீறியதாகாது என்றது. மறு ஆண்டு பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன. அதற்காக முழுப் புத்தகத்தையும் நகலெடுக்கலாம் என்று அர்த்தமில்லை என்று பேத்தியிடம் சொன்னேன். சிரித்தாள்.

ஃபைனாரை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். இரண்டாம் தொகுதியும் வேண்டுமாம். அதை 1969-இல் ஒரு நண்பர் ஒரு வாரம் இரவல் என்று வாங்கிப் போனார். இந்தப் பக்கத்தை அவர் படித்தால், இப்போதாவது கொடுத்தனுப்பலாம்.