புத்தூர்க் கட்டும் எலும்புப் பசையும்

சென்னையிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் சாலையில் அமைந்துள்ள புத்தூர், பழைய சித்தூர் மாவட்டத்தின் சிறு நகரங்களுள் ஒன்றே ஆயினும், அதன் பெயர் தென்னிந்தியா முழுவதும் எலும்பு முறிவு வைத்தியத்தோடு சேர்த்தே அறியப்படுகிறது. தமிழ்நாட்டின் ஊர்கள் பலவற்றில் 'புத்தூர்க் கட்டு' என்னும் பலகையைத் தாங்கிய வைத்தியசாலைகளை இன்றும் காணலாம். புத்தூரை அடுத்த ஈசுவராபுரத்தில் வாழும் ராஜு குடும்பத்தினர் 1881 முதல் இத்தொழிலைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகின்றனர். அந்நாளில் இப்பகுதி சித்தூரைத் தலைநகராகக் கொண்ட வடஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. சித்தூர் தனி மாவட்டமானது 1911 இல்தான். தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் அந்த எல்லைப்புறத்தில் தோன்றிய கட்டு, மாவட்டங்களும் மாநிலங்களும் பிரிந்த பின்னரும் இருபுறத்து மக்களுக்கும் பொதுவாகவே இருந்துவருகிறது.

முறிந்த இடத்தை வைத்தியர் விரல்களால் தடவி அறிந்து, விலகிய எலும்பு முனைகளை இழுத்து நேர்நிறுத்தி, பச்சிலைச் சாற்றையும் முட்டையின் வெண்கருவையும் பூசி, பருத்தித் துணியைச் சுற்றி, அதன்மேல் மூங்கில் பத்தைகளை வைத்துக் கட்டுவதே இம்முறையின் சாரம். வெண்கரு உலர்ந்ததும் துணி விறைப்பேற, பத்தைகளோடு சேர்ந்து அது உறுப்பை அசையாமல் நிறுத்துகிறது. நெதர்லாந்து படை மருத்துவர் அந்தோனியஸ் மாத்தைசன் 1852 இல் வெளியிட்டதும், தமிழில் மாவுக் கட்டு என வழங்குவதுமான முறை செய்யும் வேலையும் இதுவே. பச்சிலைகளின் பங்கு தனியே ஆராயப்பட வேண்டியதாயினும், அத்தகைய ஆராய்ச்சிக்கு முன்னுதாரணம் உண்டு. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் கே. என். உடுப்பாவும் ஜி. சி. பிரசாத்தும் 1960களில் பிரண்டையை விலங்குகளில் சோதித்து, அது முறிவு கூடுவதை விரைவுபடுத்துவதாக எழுதினர்.

எனினும், எந்தக் கட்டும் எலும்பை ஒட்டுவதில்லை. எலும்பு தானே வளர்ந்து கூடுகிறது. முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் கட்டுகிறது; சில வாரங்களில் அவ்விடத்தைக் குருத்தெலும்பு நிரப்புகிறது; பின்னர் அதில் சுண்ணச் சத்துப் படிந்து கெட்டியான முடிச்சு உண்டாகிறது; அம்முடிச்சு மாதங்கள், சில வேளை ஆண்டுகள் கழிந்து, பழைய எலும்பின் வடிவத்தைப் பெறுகிறது. இவ்வேலை நடைபெறுவதற்கு முனைகள் ஒன்றையொன்று நெருங்கியிருத்தலும், அசைவின்மையும், தடையற்ற இரத்த ஓட்டமும் தேவை. முதல் இரண்டையும் கைத்திறனால் அளிக்க முடிந்ததே புத்தூர்க் கட்டின் வெற்றிக்குக் காரணமாகும்.

மூன்றாவது தேவையில்தான் அபாயம் இருந்தது. ஈசுவராபுரத்தில் கட்டு தொடங்கிய அதே 1881 இல், ஜெர்மானிய அறுவை மருத்துவர் ரிச்சர்ட் ஃபோன் ஃபோல்க்மன், இறுகிய கட்டினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தசைகள் செத்துச் சுருங்கிக் கை முடங்கும் நிலையை விவரித்து எழுதினார். நாட்டுக் கட்டுக்கும் மாவுக் கட்டுக்கும் அவ்வெச்சரிக்கை ஒருங்கே பொருந்தும். 2010 செப்டம்பர் முதல் 2011 பிப்ரவரி வரை புத்தூரில் நடத்தப்பெற்ற ஓர் ஆய்வு, ஆறு நாள்களில் சிகிச்சை பெற்ற 216 பேரைப் பற்றிய விவரங்களைப் பதிவு செய்தது. அவர்களுள் 70 விழுக்காட்டினர் இருசக்கர வாகன விபத்தில் அடிபட்டவர்கள். 40 விழுக்காட்டினர் முன்னரே ஆங்கில மருத்துவத்தில் அவசர சிகிச்சை பெற்று எக்ஸ்ரேயும் எடுத்திருந்தவர்கள். குறைந்த செலவையும் நோயாளிகளின் மனநிறைவையும் இம்முறையின் வலிமைகளாகக் கண்ட அவ்வாய்வு, எலும்பு தோலைக் கிழித்து வெளிவரும் திறந்த முறிவுகளும் கோணலாகக் கூடிய சில எலும்புகளும் இதன் பலவீனம் என்பதை மறைக்கவில்லை.

கட்டு முற்றிலும் கைவிடும் இடம் ஒன்று உண்டு. நொறுங்கியோ, கட்டி அரித்தோ, சீழ்பிடித்தோ எலும்பின் ஒரு பகுதியே இல்லாமற் போனால், நெருக்கி நிறுத்துவதற்கு முனைகள் இல்லை. ஓரளவுக்கு மேற்பட்ட இடைவெளியை உடலால் தானாக மூட இயலாது. அவ்விடத்தை நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த துண்டுகளால் நிரப்புவது இன்றும் சிறந்த வழியாகக் கருதப்படினும், அதற்கு உடலில் இன்னொரு காயம் வேண்டியிருக்கிறது. மாற்றுப் பொருளைத் தேடியவர்களுள் முன்னோடியான டிரீஸ்மன், 1892 இல் ஜெர்மனியில் எலும்புக் குழிகளைக் கட்டு மாவாகிய பாரிஸ் சாந்தாலேயே நிரப்பினார். உறுப்பைச் சுற்றி வெளியே நின்ற மாவு இவ்வாறு எலும்புக்குள்ளே புகுந்தது. அமெரிக்கரான ஆல்பி 1920 இல் கால்சியம் பாஸ்பேட்டை, அதாவது எலும்பின் கனிமத்துக்கு நெருங்கிய உப்பைப் பயன்படுத்தினார். 1980களில் பிரவுன், சௌ ஆகிய இரு அமெரிக்க அறிஞர்கள், இரு வகைக் கால்சியம் பாஸ்பேட் தூள்களை நீர்மத்தோடு குழைத்தால் அக்குழம்பு உடல் வெப்பத்திலேயே இறுகி, எலும்பின் கனிமமான ஹைட்ராக்சிஅபடைட்டாக மாறுவதைக் கண்டறிந்தனர். அமெரிக்க அரசு 1996 இல் அதற்கு அனுமதி அளித்தது.

இந்தியாவில் இவ்வேலையை ஏற்றுச் செய்தது திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனமாகும். அங்கு மனோஜ் கோமத்தும் எச். கே. வர்மாவும் உருவாக்கி 2003 இல் வெளியிட்ட பசையில், தூளும் நீர்மமும் பிரிந்துபோகாமல் ஒன்றாக ஓடுவதற்காக, உடலுக்கு ஒவ்வும் கூழ்ப்பொருள் ஒன்று சேர்க்கப்பட்டது. 18 ஆம் எண் ஊசியின் வழியே தடையின்றி இறங்கிய அப்பசை 20 நிமிடத்தில் இறுகியது. இறுகும்போது குறிப்பிடத்தக்க அளவில் சூடேறவோ சுருங்கவோ இல்லை. 11 மெகாபாஸ்கல் அழுத்தத்தைத் தாங்கியது. எலும்பின் உட்புறத்துப் பஞ்சுப் பகுதிக்கு இவ்வலிமை ஒப்பானதாயினும், வெளிப்புறத்துக் கெட்டி எலும்பு இதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல் வலிமையுடையது. ஆகவே இத்தகைய பசை வளைவையும் முறுக்கலையும் தனியே தாங்காது, உடல் எடையைச் சுமக்கும் இடங்களில் உலோகத் தகட்டின் துணையை வேண்டும். குழிக்குள் நிலைபெற்ற பசையை எலும்பு அரிக்கும் செல்கள் சிறிது சிறிதாகக் கரைக்க, எலும்பு கட்டும் செல்கள் அவ்விடத்தில் புது எலும்பை இடுகின்றன.

கட்டும் பசையும் ஒன்றுக்கொன்று பகையல்ல. எலும்பின் இயல்பான வளர்ச்சிக்கு இடமளிப்பதே இரண்டின் பணி. ஒன்றின் எல்லை முடியும் இடத்தில் மற்றொன்றின் வேலை தொடங்குகிறது. புத்தூரிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில், திருப்பதியில், திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் பர்டு என்னும் எலும்பு மருத்துவமனை எளியோருக்கென்று இயங்கிவருகிறது. இவ்விரு இடங்களுக்கும் இடையே உள்ள வழி நோயாளிக்குத் தடையின்றித் திறந்திருக்க வேண்டும். எக்ஸ்ரே பாராமல் கட்டாமை, திறந்த முறிவையும் இடைவெளியுள்ள முறிவையும் உடனே மருத்துவமனைக்கு அனுப்புதல், நீலம் பாய்ந்தோ மரத்தோ போன விரலைக் கண்டதும் கட்டை அவிழ்த்தல் ஆகியன நாட்டு வைத்தியத்தின் கடமைகள். இந்திய ஆய்வகங்களில் பிறக்கும் பசை, நூற்றாண்டுக்கும் மேலாக ஈசுவராபுரத்தை நாடிவரும் உழவரும் கூலித் தொழிலாளரும் வாங்கக்கூடிய விலையில் கிடைக்கச் செய்வது புதிய மருத்துவத்தின் கடமை. புத்தூர்க் கட்டு இத்தனை காலம் நிலைத்ததற்கு அதன் மலிவும் எளிமையும் பெருங்காரணங்களாதலின், அவ்விரண்டையும் பெறாத எந்தப் புதுமையும் அம்மக்களுக்குப் பயன்படாது.