வீதி முந்தியது, விதி பிந்தியது: புத்தளக் கரையோர ஊர்கள் வளர்ந்த வரலாறு

ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுவோர் அங்கு ஆண்ட அரசரையும், எழுந்த ஆலயங்களையும், நடந்த போர்களையும் விரித்துரைப்பர். அவ்வூரார் எவ்வழியே போய்வந்தனர், அவ்வழியின் இருமருங்கும் குடிகள் எவ்வாறு நிறைந்தன, எங்கே கட்டலாம் எங்கே கட்டலாகாது என்று வகுத்தவர் யாவர் என்னும் வினாக்களை எழுப்புவோர் மிகச் சிலரே. ஆயினும் மா ஓயா முதற் கற்பிட்டி வரை நீண்டு கிடக்கும் நம் கரையோரத்தின் இன்றைய உருவம் இவ்வினாக்களுக்குக் கிடைத்த விடைகளால் ஆனதே. அவ்விடைகளைக் காலமுறைப்படி நோக்குதலே இக்கட்டுரையின் நோக்கம். முதியோர் கண்டறிந்தவற்றை இளைஞர் கேட்டறிந்து, இனி வருவதற்கு ஆயத்தமாக அது உதவுமாயின் நன்று.

நிலத்தின் அமைப்பு

நம் கரையோர நிலம், நீளவாக்கில் மடித்து வைத்த சேலை போன்றது. மேற்கே கடல். அதனை அடுத்துக் கரைவலை இழுக்கும் பாடுகள். பின்னர் மணல் மேடும் குடியிருப்பும். அதற்கும் பின்னே களப்பும் வாய்க்காலும். அப்பால் தென்னந் தோட்டங்களும் வயல்களும். அவற்றினூடே பெருந்தெருவும் இருப்புப்பாதையும். உடப்பைப் பார்த்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்பும் இருக்க, நடுவே ஒடுங்கிய மணற்றரையில் ஊர் நெருங்கி நிற்கின்றது.

இம்மடிப்புகள் யாவும் வடக்குத் தெற்காக ஓடுகின்றன. ஆறுகளோ கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி இறங்குகின்றன. மா ஓயா, தெதுறு ஓயா, பத்துளு ஓயா ஆகிய யாவும் கடலைச் சேருமுன் பெருந்தெருவைக் கடந்தே ஆகவேண்டும். ஆகவே நம் பகுதியில் வீதி என்பது ஓர் அணையும் ஆகும். பாலங்களும் மதகுகளுமே அவ்வணையின் கண்கள். அக்கண்களின் முன்னும் பின்னும் மண் நிரப்பிக் கட்டடம் எழுமாயின், வந்த வெள்ளம் வந்த இடத்திலேயே நிற்கும். இவ்வுண்மையை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

வழிகள் வந்த வரிசை

பழங்காலத்திற் கடலே நமக்குப் பெருவழி. 1344ஆம் ஆண்டில் இபுன் பட்டூட்டா என்னும் மொறொக்கோ நாட்டு யாத்திரிகர் கடல்வழியே புத்தளத்தை அடைந்து, அங்கிருந்து பாவாதமலைக்குச் சென்றதைத் தம் பயண நூலிற் பதித்துள்ளார். பின்னர் வந்த ஒல்லாந்தர் கற்பிட்டியிற் கோட்டை கட்டினர். களப்புகளையும் ஆறுகளையும் வாய்க்கால்களால் இணைத்துக் கொழும்பு வரை படகுப் பாதை அமைத்தனர். சரக்கேற்றிய படகுகள் தங்கும் துறைகளிற் சந்தைகள் தோன்றின.

ஆங்கிலேயர் காலத்திற் கரைவழித் தெரு திருத்தம் பெற்றது. தென்னைச் செய்கை பெருகியது. கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இல் வெளியிட்ட இலங்கை இடவிளக்க நூல், அக்காலத்து ஊர்களை அகரவரிசைப்படி குறித்து வைத்தது. தன் நாட்டு ஊர்களை எழுத்திற் பதிக்கவேண்டும் என்ற எண்ணம் இக்கரையிற் பிறந்த ஒருவருக்கு அக்காலத்திலேயே உதித்தது நமக்குப் பெருமை தருவதாகும்.

இருப்புப்பாதை 1909இல் நீர்கொழும்பையும், 1916இற் சிலாபத்தையும், 1926இற் புத்தளத்தையும் வந்தடைந்தது. புகைவண்டி நிலையத்தில் மட்டுமே நிற்கும். ஆதலால் நிலையத்தைச் சுற்றியே கடைகளும் வீடுகளும் எழுந்தன. மணிகள் இடைவெளி விட்டுக் கோத்த மாலை போல ஊர்கள் அமைந்தன.

பேருந்தும் லொறியும் பெருகியதும் இவ்வமைப்பு மாறிற்று. அவை கைகாட்டிய இடத்தில் நிற்பன. எந்த வளவின் முகப்பும் கடை வைக்கத் தக்க இடமாயிற்று. மணிகளுக்கு இடையிலிருந்த நூலும் மணியாயிற்று. பேலியகொடையிலிருந்து புத்தளம் வரை ஏறத்தாழ 120 கிலோமீற்றர் நீளும் பெருந்தெருவின் தென்பாதியில், நீர்கொழும்பைக் கடந்து வென்னப்புவ, மாரவில வழியாக வருபவர் ஓர் ஊர் முடிந்து அடுத்த ஊர் தொடங்கும் இடத்தை அறிவது அரிது. 2013 ஒக்டோபரிற் கொழும்பு–கட்டுநாயக்க அதிவேகப் பாதை திறக்கப்பட்டபின் தலைநகர் மேலும் அண்மையதாயிற்று. அதனோடு மா ஓயாவுக்கு வடக்கேயுள்ள காணிகளும் நகரத்தார் கண்ணிற் பட்டன.

விதிகள் வந்த வரிசை

வீதி இவ்வாறு வளர்ந்துகொண்டிருக்க, நிலத்தை வகுக்கும் சட்டங்கள் எப்போது வந்தன? 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமே இத்துறையில் முதன்மையானது. கட்டடத்திற்கு முன்னனுமதி, தெருக்கோடு, கட்டி முடித்தபின் குடிபுகுவதற்கான சான்றிதழ் ஆகியன இதன்வழி வந்தவையே. ஆனால் இது நகரங்களை நோக்கிப் பிறந்த சட்டம்.

1921இற் பற்றிக் கெடிஸ் என்னும் ஸ்கொத்லாந்து அறிஞர் கொழும்புக்கு வந்து நகரத் திட்டம் பற்றி அறிக்கை எழுதினார். இவர் அதற்கு முன்னர் சென்னை மாகாணத்து நகரங்களைச் சுற்றிப் பார்த்து, தென்னாட்டுக் கோயில் நகரங்களின் அமைப்பை வியந்தவர். அவர் வியந்ததில் வியப்பில்லை. தேரோடும் வீதியில் ஒரு முழம் முன்தள்ளிக் கட்ட எவரும் துணியார். தேர் திரும்பும் மூலையில் திண்ணை எழுப்ப எவரும் எண்ணார். சட்டப் புத்தகம் தெருக்கோடு என்று கூறுவதை நம் முன்னோர் தேரின் அகலத்தால் அளந்து வைத்தனர். பொதுவுக்குரிய இடம் இதுவென ஊரே ஒப்புக்கொண்டமையால் அதற்குக் காவல் வேண்டியிருக்கவில்லை.

1946இல் நகர, நாட்டுத் திட்டமிடற் கட்டளைச் சட்டம் பிறந்தது. நகரத்துக்கு வெளியேயுள்ள நிலத்தையும் திட்டத்துள் அடக்க வழி வகுத்தது இதுவே. நாடு சுதந்திரம் பெற்ற காலத்தையொட்டிச் சேர் பற்றிக் அபர்குரொம்பி கொழும்புப் பிராந்தியத் திட்டத்தை ஆக்கினார். றாகமை, ஓமாகமை, இரத்மலானை ஆகிய இடங்களைத் துணைநகரங்களாக வளர்த்துத் தலைநகரின் நெருக்கத்தைக் குறைப்பது அவர் கருத்து. 1978இல் நகர அபிவிருத்தி அதிகார சபை அமைந்தது. அமைச்சர் வர்த்தமானியில் அறிவிக்கும் பிரதேசத்தினுள் அச்சபையின் அனுமதியின்றி எந்தக் கட்டடமும் எழலாகாது என்ற நிலை வந்தது. 1981இன் கரையோரம் பேணற் சட்டம், உயர்நீர் எல்லையிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றரும் தாழ்நீர் எல்லையிலிருந்து கடற்பக்கம் 2 கிலோமீற்றருமான பகுதியைக் கரையோர வலயமாக வரையறுத்தது. வீதியின் ஓரத்தை வீதி அபிவிருத்தி அதிகார சபை தன் கட்டட எல்லைகளாற் காத்தது.

இவ்வரிசையைக் கூர்ந்து நோக்குவோர்க்கு ஒன்று புலனாகும். நகரத்துக்கு ஒரு விதி. கடற்கரைக்கு ஒரு விதி. வீதியின் விளிம்புக்கு ஒரு விதி. இவற்றிற்கு இடைப்பட்ட தோட்டமும் வயலும் தாழ்நிலமும் நெடுங்காலம் உரிமையாளரின் விருப்பத்துக்கே விடப்பட்டன. கிராமச் சங்கங்கள் 1981இன் மாவட்ட அபிவிருத்திச் சபைகளுக்கு இடம்விட்டு மறைந்தன. 1987இன் சட்டத்தாற் பிரதேச சபைகள் உருவாகும்வரை கிராமத்துக்கு அண்மையில் நின்று நிலத்தைக் கவனிக்கும் மன்றம் இல்லாது போயிற்று. தலைநகருக்கென எழுந்த பெருந்திட்டங்களோ மேல்மாகாண எல்லையை மனத்திற் கொண்டவை. 2016இன் மேல்மாகாணப் பெருநகரத் திட்டமும் அவ்வாறே. அம்மாகாணத்தின் வட எல்லை மா ஓயா. திட்டம் ஆற்றின் தென்கரையில் நின்றது. வீதியும் வாகனமும் வாங்குவோரும் பாலத்தைக் கடந்து வந்தனர்.

பிற நாட்டார் இச்சிக்கலை அறியாதவரல்லர். பெருந்தெருவோரம் தொடர்ந்து வீடு கட்டப்படுவதைக் கண்டு அஞ்சிய பிரித்தானியர் 1935இல் அதனைத் தடுக்கவே தனிச் சட்டம் இயற்றினர். குறிப்பிட்ட வீதிகளின் நடுவிலிருந்து 220 அடிக்குள் அனுமதியின்றிக் கட்டலாகாது என்றனர். வீதியோரத்தை மட்டும் காப்பது போதாதெனக் கண்டு, 1947இல் நாடு முழுவதன் நிலத்தையும் திட்டமிடற் சட்டத்துள் கொண்டுவந்தனர்.

மன்றத்தின் மேசையில்

இன்று ஒருவர் வீதியோரம் கடை கட்டவோ காணியைத் துண்டுபோட்டு விற்கவோ விரும்பினால், வரைபடத்துடன் உள்ளூராட்சி மன்றத்திடம் விண்ணப்பிக்கவேண்டும். அறிவிக்கப்பட்ட பிரதேசங்களில் தொழில்நுட்ப உத்தியோகத்தர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், நகர அபிவிருத்தி அதிகார சபையின் பிரதிநிதி முதலியோர் கூடிய திட்டமிடற் குழு அதனை ஆராயும். தெருக்கோட்டுக்கு அப்பால் நிற்கின்றதா, வடிகால் உண்டா, வாகனம் நிறுத்த இடம் உண்டா என்பன கேட்கப்படும். இவையாவும் நல்ல கேள்விகளே.

குறை எங்கேயெனின், குழுவின் முன் வருவது ஒரு காணி, ஒரு கட்டடம், ஒரு மனிதன். அம்மனிதனின் விண்ணப்பத்திற் பிழை இராது. அடுத்த மாதம் வரும் மற்றவனின் விண்ணப்பத்திலும் பிழை இராது. ஐம்பது விண்ணப்பங்களும் தனித்தனியே சரியாயிருக்க, ஐம்பதும் சேர்ந்து ஒரு வாய்க்காலை மூடிவிடும். அவ்வாய்க்காலுக்காக விண்ணப்பம் எழுத எவருமிலர்.

தென்னங் காணியை எடுத்துக்கொள்வோம். முறைப்படி நட்டால் ஏக்கருக்கு 64 மரம் நிற்கும். 1958ஆம் ஆண்டிலேயே தேயிலை, இறப்பர், தென்னைத் தோட்டங்கள் துண்டாடப்படுவதைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. 1986இன் திட்டமிடல், கட்டட விதிகளோ குடியிருப்புக் காணிக்கு 150 சதுர மீற்றரை, அதாவது ஏறத்தாழ 6 பேர்ச்சை, ஆகக் குறைந்த அளவாக வைத்தன. ஏக்கர் ஒன்று 160 பேர்ச். உள்வழிகளுக்கு விட்டது போக மிஞ்சுவதை எத்தனை துண்டாக்கலாம் என்பதைத் தரகர் மனக்கணக்கிலேயே கூறுவார். ஒவ்வொரு துண்டிலும் ஒரு கிணறும் ஒரு மலக்குழியும் வேண்டும். மணற்றரையில் இரண்டும் எவ்வளவு அண்மையில் அமையும் என்பதைச் சிந்திப்பார் யார்?

எதிர்பாராது வந்தவை

திட்டம் எழுதுவோர் எதிர்பாராதனவும் இக்கரைக்கு வந்தன. 1980களில் இறால் பண்ணைகள் பெருகி, களப்போரத்துக் கண்டற் காடுகளை விழுங்கின. 1996இல் வெண்புள்ளி நோய் பரவியதும் பல குளங்கள் கைவிடப்பட்டு வெறும் பள்ளங்களாயின. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் பல்லாயிரவர் புத்தளத்திலும் கற்பிட்டிப் பகுதியிலும் தஞ்சம் புகுந்தனர். தென்னோலைக் குடிசைகளாக எழுந்த முகாம்கள் காலப்போக்கில் ஊர்களாயின. அல்லலுற்று வந்தோருக்கு இடங்கொடுத்தது இம்மண்ணின் பெருமை. அவர்களுக்கு வேண்டிய நீரையும் வழியையும் பள்ளியையும் முன்கூட்டி எண்ணிய வரைபடம் இல்லாதது திட்டத்தின் குறை. 2011இல் நுரைச்சோலை அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கி, 2014இல் 900 மெகாவாற்று ஆற்றல் பெற்றது. நாடு முழுவதற்கும் ஒளி தந்த அதன் கரியும் புகையும் அயலூர்களின் கவலையாயின.

2004இன் கடற்கோளுக்குப்பின் அரசு கரையிலிருந்து 100 மீற்றர், வடக்குக் கிழக்கில் 200 மீற்றர் என்று தடைவலயம் அறிவித்து, மறு ஆண்டே அதனைத் தளர்த்தியது. தோணியையும் வலையையும் வீட்டு வாசலில் வைத்துப் பிழைக்கும் தொழிலாளியை ஒரே கோட்டால் அளக்க முடியாதென்பது அப்போது தெளிவாயிற்று. 2025 நவம்பரில் ‘டித்வா’ புயல் மழையில் மா ஓயாவும் தெதுறு ஓயாவும் பெருக்கெடுத்துத் தாழ்நிலங்களை மூடியபோது, நீருக்கும் ஒரு வழி உண்டு, அதனை நாம் எழுதிவைக்காவிடினும் அது மறப்பதில்லை என்பதை யாவரும் கண்டோம்.

நாம் செய்யத்தக்கது

வளர்ச்சியைத் தடுத்தல் நம் நோக்கமன்று. வீதி வந்தமையாலேயே நோயாளி வைத்தியசாலையை வேளைக்கு அடைகின்றான். மீன் வாடுமுன் கொழும்பை எட்டுகின்றது. பிள்ளைகள் உயர்கல்லூரி செல்கின்றனர். எங்கே கடைத்தெரு, எங்கே குடியிருப்பு, எங்கே தோட்டம், எங்கே நீருக்கும் வலைக்கும் விடவேண்டிய வெளி என்பதை விண்ணப்பங்கள் வருமுன் வகுத்துக்கொள்ள வேண்டும் என்பதே நாம் கூறுவது. தேர்வீதியை அவ்வாறுதான் வகுத்தோம்.

அதற்கு வேண்டியது ஊரின் அறிவு. கரைவலைப் பாடுகளின் எல்லையைச் சம்மாட்டிமார் அறிவர். மாரியில் நீர் எவ்வழி இறங்கும் என்பதை முதியோர் அறிவர். எந்த மதகு அடைபட்டது, எந்த ஒழுங்கையில் வண்டி திரும்பாது என்பதை இளைஞர் நாள்தோறும் காண்கின்றனர். இவையாவும் ஒரு படத்தில் வந்து சேரவேண்டும். அபிவிருத்தித் திட்டம் ஒன்று வரையப்படும்போது பொதுமக்களின் கருத்தையும் ஆட்சேபத்தையும் கேட்கும் முறை சட்டத்திலேயே உண்டு. அவ்வறிவித்தல் வரும் நாளில் நம்மிடம் சொல்ல எண்ணம் மட்டும் இருந்தாற் போதாது. காட்டப் படமும் இருக்கவேண்டும்.

ஆகவே ஒவ்வோர் ஊர் வாலிபர் சங்கமும் அளவுநாடாவும் தாளும் கொண்டு, பெரியோரைத் துணைக்கழைத்து, தன் ஊரின் பாடுகளையும் வாய்க்கால்களையும் மதகுகளையும் பொதுக்கிணறுகளையும் கோயில் வீதிகளையும் நடந்து அளந்து குறித்து வைப்பதாக. படத்தின் ஒரு பிரதி சங்கத்தில் இருக்கட்டும். மற்றொன்று பிரதேச சபைக்குச் செல்லட்டும். ஏறத்தாழ இரு நூற்றாண்டுக்கு முன் கற்பிட்டிப் பிள்ளை ஒருவர் தனியராய் நின்று நாட்டின் ஊர்களை எழுதிவைத்தார். பலர் கூடிய சங்கம் தன் ஓர் ஊரை எழுதிவைத்தல் அரிதன்று. அடுத்த மாரிக்கு முன் தொடங்குவோமாக.