திண்ணையின் தீர்ப்பு

என் சித்தி வேலை முடிந்து வீடு திரும்ப இரவு எட்டரை ஆகிவிடும். அவள் தெருவைக் கடந்ததும் திண்ணையிலிருந்து குரல் வரும்: “அவ அப்படித்தான்.” விசாரணை கிடையாது, சாட்சி கிடையாது, நேரே தீர்ப்புதான்.

அதனாலேயே ருத்ரையாவின் ‘அவள் அப்படித்தான்’ படத்தைக் கல்லூரி நாட்களில் பார்த்தபோது எனக்குப் பிடிக்கவில்லை. தலைப்பிலேயே திண்ணையின் குரல் கேட்டது. தியாகு கெட்டவன், அருண் நல்லவன், மஞ்சு குழம்பிப் போனவள் என்று முடிவு செய்துகொண்டேன். இன்றும் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள்.

பல ஆண்டுகள் கழித்து மாணவிகளோடு மீண்டும் பார்த்தபோதுதான் படத்துக்குள் இருக்கும் கேமராவைக் கவனித்தேன். கமல்ஹாசன் நடித்த அருண், பெண்களின் நிலை பற்றி ஆவணப்படம் எடுப்பவன். பெண்களைக் கேள்வி கேட்கிறான், பதில்களைச் சேகரிக்கிறான். ஸ்ரீப்ரியாவின் மஞ்சு தன்னை ஏமாற்றிய ஆண்களைப் பற்றிச் சொல்லும்போதும் பரிவோடு கேட்கிறான். ஆனால் கடைசியில் வேறொரு பெண்ணை மணந்து வருகிறான்.

இறுதிக் காட்சியில் காரில் அமர்ந்திருக்கும் அந்தப் புது மனைவியிடம், பெண் விடுதலை பற்றி என்ன நினைக்கிறாய் என்று மஞ்சு கேட்கிறாள். தெரியாது என்று பதில் வருகிறது. அதனால்தான் நீ சந்தோஷமாக இருக்கிறாய் என்கிறாள் மஞ்சு. இதை அவளுடைய தோல்வி என்றோ, அந்தப் பெண்ணைக் கேலி செய்வது என்றோ படிப்பது வழக்கம். ஆனால் இத்தனை நேரம் அருண் கேமராவோடு சுமந்து திரிந்த கேள்வி அல்லவா அது! ஊர்ப் பெண்களிடமெல்லாம் கேட்டவனின் மனைவியிடம் அதைக் கேட்க மஞ்சு வேண்டியிருக்கிறது. பிறகு அவள் இறங்கிக்கொள்ள, கார் போய்விடுகிறது. தலைப்பு படத்தின் தீர்ப்பு அல்ல என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாம் வாய் கூசாமல் சொல்வதையே படம் நமக்குத் திருப்பிச் சொல்லிக்காட்டுகிறது.

படம் 1978 அக்டோபர் 30 அன்று, தீபாவளியையொட்டி, கறுப்பு வெள்ளையில் வெளிவந்தது. அதற்கு ஆறு வாரம் முன்பு, செப்டம்பர் 15 அன்று, மதுரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. மகாராஷ்டிரத்தில் காவல் நிலையத்துக்குள் வன்புணர்வுக்கு ஆளானதாகச் சொன்ன பழங்குடிச் சிறுமியின் வழக்கு அது. அவள் ஏற்கெனவே உடலுறவுக்குப் பழகியவள் என்றது 1974இல் விசாரணை நீதிமன்றம். உடலில் காயமில்லை, கூச்சலிடவில்லை என்று சொல்லி, உயர் நீதிமன்றம் தண்டித்த இரு காவலர்களையும் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. சட்டத்தின் மொழியிலும் அதே இரண்டு சொற்கள்தான்.

படம் அந்தத் தீர்ப்புக்குப் பதிலாக எடுக்கப்பட்டதல்ல. ஆனால் இரண்டும் ஒரே காலத்தின் காற்றைச் சுவாசித்தவை. 1979இல் சட்டப் பேராசிரியர்கள் நால்வர் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள். பெண்கள் தெருவில் இறங்கினார்கள். 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் நடக்கும் வன்புணர்வு வழக்கில், உறவு நடந்தது நிரூபணமான பிறகு, நான் சம்மதிக்கவில்லை என்று பெண் சொன்னால், நீதிமன்றம் அவள் சொல்வதையே முதலில் ஏற்க வேண்டும் என்றானது.

திண்ணைப் பேச்சு காதில் விழுந்ததா என்று சித்தியிடம் ஒருநாள் கேட்டேன்.

“விழாம என்ன? ஏன் இவ்வளவு நேரமாச்சுன்னு ஒருத்தராவது என்கிட்ட கேட்டாங்களாடி?” என்றாள்.