கெல்லி மாளிகையும் துன்பக்கேணியும்

தமிழில் பேய்க்கதைகளுக்குப் பஞ்சமில்லை. விக்கிரமாதித்தன் முருங்கைமரத்து வேதாளத்தைத் தோளிற் சுமந்த காலந்தொட்டு அவை வழங்கிவருகின்றன. பாழ்மண்டபமும் சுடுகாடும் அக்கதைகளின் களங்கள். ஆயின், மனிதன் கூலிக்கு உழைக்கும் இடமே அச்சம் விளைக்கும் களமாதலை எள்ளற் குறிப்போடு எடுத்துக்காட்டிய எழுத்துகள் மிகச் சிலவே. அவற்றுள் முதலில் வைத்து எண்ணத்தக்கது, 1935ஆம் ஆண்டில் 'மணிக்கொடி'யில் வெளிவந்த புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' எனலாம். பிற்காலத்தில் 'காஞ்சனை'யை எழுதி, நள்ளிரவில் பிணவாடை வீசும் வீட்டைப் படைத்துக்காட்டிய அதே ஆசிரியர், இந்நெடுங்கதையில் பேயை அழைக்கவில்லை. அழைக்கவேண்டிய தேவையும் எழவில்லை.

திருநெல்வேலிச் சீமையின் வாசவன்பட்டியைச் சேர்ந்த மருதி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குக் கூலியாகச் செல்கிறாள். தோட்டத்தின் பெயர் வாட்டர்பாலம். ஆங்கிலமும் தமிழும் குழைந்த அப்பெயரிலேயே ஆசிரியரின் நகைப்புத் தொடங்கிவிடுகிறது. அங்கே துரையின் இச்சைக்கு அவள் இரையாகிறாள். தீராத நோயும் பற்றுகிறது. இக்கொடுமைகளைப் புதுமைப்பித்தன் அழுதரற்றிச் சொல்வதில்லை. அன்றாட நடப்பைச் சொல்வதுபோல், உதட்டோரச் சிரிப்புடன் சொல்லிச் செல்கிறார். படிப்பவர் நெஞ்சில் அச்சம் ஊறுவது அந்தச் சிரிப்பினால்தான். இவ்வங்கதத்தை வெறும் குறும்பு என்று கொள்வோர் கதையைப் பாதிதான் படித்தவராவர்.

இலங்கைக்கு ஆள்சேர்த்த கங்காணி முறையே மலாயாவின் பால்மரத் தோட்டங்களுக்கும் ஆள்சேர்த்தது. 1910இல் மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிக்கப்பட்டபின் அதுவே மேலோங்கியது. பயிற்சியற்ற தொழிலாளர் வெளியேறுவதை 1938இல் இந்திய அரசு தடைசெய்யும்வரை நீடித்தது. அம்முறையில் 'தலைக்காசு' என்றொரு வழக்கம் இருந்தது. தன் ஆட்களில் எத்தனை பேர் அன்று வேலைக்கு இறங்கினரோ, அத்தனை தலைக்கும் கங்காணிக்குக் காசு உண்டு. காய்ச்சலில் கிடப்பவன் லயத்தைவிட்டு எழாவிடில் கங்காணியின் கணக்கில் ஒரு தலை குறையும். ஆதலின், விடியுமுன் பெரட்டுக்கு ஆள்திரட்டும் குரலைக் கேட்டு நோயாளி நடுங்கியதில் வியப்பில்லை. மனிதனைத் தலையாகவும் தலையைக் காசாகவும் மாற்றிய இவ்வேற்பாட்டைவிடப் பொருத்தமான அங்கதத்தை எந்த எழுத்தாளனாலும் கற்பனைசெய்ய இயலாது.

பேரா மாநிலத்தில், ஈப்போவையடுத்த பத்துகாஜாவுக்கு அருகே இன்றும் நிற்கும் கெல்லி மாளிகையை இவ்வரலாற்றோடு இணைத்துப் பார்த்தல் தகும். பள்ளி மாணவர் பலர் சுற்றுலாவாகச் சென்று கண்ட இடம் அது. ஸ்காட்லாந்திலிருந்து இளைஞராக மலாயாவுக்கு வந்து, கிந்தா வட்டாரத்தில் பால்மரம் பயிரிட்டுப் பெருஞ்செல்வரான வில்லியம் கெல்லி ஸ்மித் 1915ஆம் ஆண்டளவில் அதனைக் கட்டத் தொடங்கினார். செங்கற்களோடு தொழிலாளரும் தமிழகத்திலிருந்து வரவழைக்கப்பட்டனர். மாளிகையில் மின்தூக்கியொன்று அமைக்கவும் அவர் திட்டமிட்டார். லயத்தில் வாழ்ந்தோர் எழுப்பிய சுவர்களுக்குள் அமையவிருந்த ஆடம்பரம் அது!

உலகெங்கும் பரவிய நச்சுக்காய்ச்சல் 1918இல் அவ்விடத்தையும் விட்டுவைக்கவில்லை. தொழிலாளர் பலர் மடிந்தனர். இது அம்மனின் சீற்றம் என்று அஞ்சிய எஞ்சியோர், மாரியம்மனுக்குக் கோவில் எழுப்ப வேண்டினர், துரையும் இசைந்தார். மருத்துவமனை கேட்கவேண்டிய இடத்தில் கோவில் கேட்டனரே என்று இன்று அவர்களைப் பழிப்பது எளிது. கேட்டால் கிடைக்கக்கூடியது எது என்பதை அவர்கள் அறிந்தே கேட்டனர் போலும். 1926இல் ஸ்மித் லிஸ்பன் நகரில் காலமானார். மாளிகை முற்றுப்பெறவில்லை, அவருடைய மனைவி உடைமைகளை விற்றுவிட்டார்.

முற்றுப்பெறாத அக்கட்டடம் இப்போது பேய்மாளிகை எனப் பெயர்பெற்றுச் சுற்றுலாப் பயணிகளை ஈர்க்கின்றது. அவர்களுக்குச் சொல்லப்படும் கதைகளில் தாழ்வாரங்களில் உலவுவது பெரும்பாலும் துரையின் ஆவியே. காய்ச்சலில் மடிந்தவர்கள் ஆவியாகக்கூட அங்கு வர இடம்பெறவில்லை. மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர் மாளிகையோடு திரும்பிவிடாமல், அண்மையிலுள்ள மாரியம்மன் கோவிலையும் காட்டுதல் வேண்டும். அதன் கூரையில் தெய்வ உருவங்களுக்கிடையே, வெள்ளுடையணிந்த ஸ்மித் துரையும் சுதை வடிவில் நிற்கின்றார்.